படம் பிடிப்பவனும் படத்தில் பிடிபடுபவனும்

கண்காணிப்பு என்பது ஏதோ நேற்று கம்பத்தில் காமிரா மாட்டிய பிறகு வந்த சங்கதி மாதிரி இப்போது நிறையப் பேர் எழுதுகிறார்கள். அந்தரங்கம் பறிபோகிறது, தனிமனித சுதந்திரம் பறிபோகிறது என்று கவலைப்படுகிறார்கள. கவலை நியாயமானதுதான். ஆனால் சேரியில் பிறந்தவர்களுக்கு இதைக் கேட்டால் கொஞ்சம் சிரிப்பு வரும். நம்மாளு எந்தத் தெரு வழியாப் போறான், கால்ல செருப்பு கிடக்கா, துண்டு தோள்ல இருக்கா கக்கத்துல இருக்கா, சைக்கிள்ல ஏறிப் போறானா தள்ளிக்கிட்டுப் போறானா, எந்தப் பொண்ணுகிட்ட நின்னு பேசுறான் - இதையெல்லாம் பார்த்துக் கணக்கு வைத்துக்கொள்ள ஊருக்கு எந்தக் காமிராவும் தேவைப்படவில்லை. டீக்கடை பெஞ்சு போதும். கோயில் திண்ணை போதும்.

ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் உடனே பெந்தாமின் வட்டச் சிறையை இழுத்து வருவார்கள். நடுவில் கோபுரம், சுற்றிலும் அறைகள். காவலாளி பார்க்கிறானா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. தெரியாததாலேயே எப்போதும் அடங்கிக் கிடப்பான். சரி, அது ஐரோப்பியச் சிறை. நம் ஊர் அப்படி வேலை செய்யவில்லை. ஊர்க்காரன் பார்க்கிறான் என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்துகொண்டோம் என்பதை உடம்பால் காட்டியாகவும் வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் எடுப்பது அதற்குத்தான். பிறகு வெள்ளைக்காரன் வந்து இதைக் காகிதத்தில் ஏற்றினான். 1871 இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான். 1911 இல் அதைச் சென்னை மாகாணத்துக்கும் கொண்டுவந்தான். குறவர் உள்ளிட்ட எத்தனையோ சமூகத்தார் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவானார்கள். பெயர், கைரேகை, காவல் நிலையத்தில் ஆஜர். சட்டத்தை நாடு முழுக்க 1952 இல் நீக்கினார்கள். போலீஸின் பார்வையிலிருந்து அது நீங்கியதா என்பது வேறு விஷயம்.

ஆகவே 'நம்மைப் பார்க்கிறார்களா' என்பது நமக்குக் கேள்வியே இல்லை. பார்க்கிறார்கள், பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள். நான் கேட்க விரும்புவது வேறு. அவர்கள் பார்ப்பதற்காக எடுத்த படத்தை நாம் எடுத்துப் பார்த்தால் அது வேறு எதையாவது சொல்லுமா? அந்தப் படத்தை வைத்து நாம் வேறொரு படம் செய்ய முடியுமா? இந்தக் கேள்வியை ஒருவர் படமாகவே எடுத்திருக்கிறார். அவருடைய இரண்டு படங்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஹாரூன் ஃபரோக்கி ஜெர்மானியர். 1944 இல் பிறந்து 2014 இல் செத்தவர். அப்பா இந்தியர், டாக்டர். ஃபரோக்கி 2000 இல் ஒரு படம் செய்தார். தமிழில் சொன்னால் 'கைதிகளைப் பார்க்கிறேன் என்று நினைத்தேன்'. அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தில் கார்க்கரன் என்று ஒரு பெரிய சிறை. அங்கே மாட்டியிருந்த கண்காணிப்புக் காமிராக்கள் பதிவு செய்த காட்சிகள்தான் படத்தின் உயிர். கறுப்பு வெள்ளை, சத்தமே கிடையாது. டேப் மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்ததால் மனிதர்கள் வெட்டி வெட்டி நடக்கிறார்கள். கேக்குத் துண்டு மாதிரி ஒரு சிமெண்ட் முற்றம். இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். மற்றவர்கள் தரையில் படுத்துவிடுகிறார்கள். அடுத்து என்ன வரும் என்று அவர்களுக்குத் தெரியும். குண்டு வருகிறது. படத்தின் குறுக்கே வெள்ளையாகப் புகை மிதந்து போகிறது. ஒருவர் விழுகிறார். அவர் பெயர் வில்லியம் மார்டினெஸ். 1989 இல் நடந்தது. அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போக ஒன்பது நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. காமிரா அதையும் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

இதில் ஃபரோக்கி செய்த வேலை என்ன? அவர் ஒரு குண்டைக்கூட மறுபடி மறுபடி போட்டுக் காட்டவில்லை. சோகமாக இசை போடவில்லை. பக்கத்தில் இன்னொரு படத்தை வைக்கிறார், அவ்வளவுதான். திரையில் இரண்டு காட்சிகள் பக்கத்துப் பக்கத்தில் ஓடுகின்றன. கைதியின் காலில் கட்டிய கருவியால் அவன் கணினித் திரையில் புள்ளியாக நகர்கிறான். பக்கத்தில் பெரிய கடைக்குள் சாமான் வாங்க வந்தவர்களும் அதே மாதிரி கோடுகளாக நகர்கிறார்கள். காமிரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அதே பக்கம்தான் துப்பாக்கியும் பார்க்கிறது என்பதை நாமே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடுகிறார். அப்புறம்தான் முக்கியமான விஷயம் வருகிறது. ஒருத்தனுக்கொருத்தன் ஆகாத கும்பல்களைச் சேர்ந்தவர்களை ஒரே முற்றத்தில் காவலர்கள் வேண்டுமென்றே திறந்துவிட்டார்கள், யார் ஜெயிப்பான் என்று பந்தயமும் கட்டினார்கள் என்ற குற்றச்சாட்டு. காமிரா சண்டையைக் காட்டும். கதவைத் திறந்துவிட்ட கையைக் காட்டாது. சண்டையிலிருந்து ஆரம்பித்தால் குற்றவாளி கைதி. கதவிலிருந்து ஆரம்பித்தால் குற்றவாளி வேறு ஆள். அந்தச் சிறையில் இன்னொரு கைதி சுடப்பட்டுச் செத்ததை ஒட்டிய வழக்கில் எட்டுக் காவலர்களை அமெரிக்க நீதிமன்றம் விடுதலை செய்ததும் அதே 2000 ஆம் ஆண்டில்தான். படம் இருந்தது. படம் இருந்தால் மட்டும் போதவில்லை.

எனக்கு இந்தப் படத்தின் மேல் ஒரு குறையும் உண்டு. படம் முடிந்த பிறகும் மார்டினெஸ் என்ற மனிதர் யார் என்பது எனக்குத் தெரியவில்லை. அதிகாரம் அவரைப் புள்ளியாக ஆக்கியது என்று சொல்லவந்த படத்திலேயே அவர் கடைசிவரை புள்ளியாகத்தான் கிடக்கிறார். அவருடைய அம்மா பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த இடத்தில் தலித் எழுத்துக்கு வேறு வழி தெரியும் என்று நினைக்கிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன்.

இன்னொரு படம் இதற்கும் முந்தியது, 1988 இல் வந்தது. 'உலகின் படிமங்களும் போரின் பொறிப்பும்' என்று சொல்லலாம். அதில் ஒரே ஒரு புகைப்படம் மொத்தப் படத்தையும் தாங்குகிறது. 1944 ஏப்ரல் 4 ஆம் தேதி நேச நாடுகளின் விமானம் ஒன்று ஆஷ்விட்ஸ் பக்கத்தில் இருந்த ஐ.ஜி. ஃபார்பன் கம்பெனியின் தொழிற்சாலையை மேலிருந்து படமெடுக்கிறது. குண்டு போட இலக்கு தேடி எடுத்த படம். இங்கிலாந்தில் உட்கார்ந்து படத்தைப் படித்தவர்கள் மின்நிலையம் எது, தொழிற்சாலை எது என்று குறித்துவைத்தார்கள். படத்தில் வதைமுகாமும் இருந்தது. அதை யாரும் குறிக்கவில்லை. தொழிற்சாலையைத் தேடச் சொல்லியிருந்தார்கள், தொழிற்சாலையைக் கண்டுபிடித்தார்கள். முப்பத்துமூன்று வருஷம் கழித்து 1977 இல் சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்த இரண்டு பேர் பழைய படங்களை எடுத்துத் தேடியபோதுதான் முகாமும், விஷவாயுக் கூடமும், வரிசையில் நிற்கும் மனிதர்களும் தெரிந்தார்கள். படம் மாறவே இல்லை. தேடியவர்கள் மாறியிருந்தார்கள்.

இதைப் படிக்கிறபோது எனக்கு ஆஷ்விட்ஸுக்கு அடுத்தபடியாக நினைவுக்கு வந்தது திருச்செங்கோடு. சம்பந்தமில்லாமல் தாவுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

2015 ஜூன் 23. ஓமலூரைச் சேர்ந்த கோகுல்ராஜ், இன்ஜினியரிங் படித்த தலித் இளைஞர், கூடப் படித்த ஒரு பெண்ணோடு திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குப் போகிறார். பெண் கவுண்டர் சமூகம். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் அவருடைய உடல் தலை வேறாகக் கிடந்தது. கோயிலில் காமிரா இருந்தது. கோயில்களில் காமிரா எதற்கு வைப்பார்கள்? உண்டியலைப் பார்க்க, சாமி நகையைப் பார்க்க. ஒரு தலித் பையனுடைய உயிரைக் காக்க யாரும் காமிரா வைப்பதில்லை. ஆனாலும் அந்தக் காமிராக்கள் அவரைப் பதிவு செய்துவிட்டன. விமானம் தொழிற்சாலையைப் படமெடுக்கப் போய் முகாமையும் எடுத்துவந்த மாதிரி.

இந்த வழக்கில் மூன்று விதமான படங்கள் இருந்தன. மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறேன், ஃபரோக்கி வைத்த மாதிரி.

முதலாவது, கோயில் காமிராவின் படம். எடுத்தவர் யாரும் இல்லை. அதில் கோகுல்ராஜ் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சும்மா நடந்துபோகிறார். இரண்டாவது, சாவதற்கு முன் அவரே பேசுவதாக எடுத்த செல்போன் வீடியோ. தற்கொலை செய்துகொள்ளப் போகிறேன் என்று அவரை மிரட்டிப் பேச வைத்து எடுத்தார்கள் என்பது அரசுத் தரப்பு. மூன்றாவது, போலீஸ் தேடிக்கொண்டிருந்தபோதே யுவராஜ் ஒரு தொலைக்காட்சிக்குக் கொடுத்த பேட்டி. அதுவும் வழக்கில் ஆவணமானது.

இங்கே நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நாம் 'தன்வரலாறு', 'வாக்குமூலம்', 'பாதிக்கப்பட்டவரின் சொந்தக் குரல்' என்று முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறோம். தன் முகத்தோடு, தன் குரலில், 'நான்' என்று சொல்வதுதான் உண்மை என்று நம்பி வந்தோம். இந்த வழக்கில் பாருங்கள். காமிராவைப் பார்த்து 'நான்' என்று பேசிய படம் பொய்யாக இருந்தது. காமிரா இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல் நடந்துபோன படம்தான் உண்மையாக நின்றது. குரலுக்குப் பின்னால் கத்தி இருக்கிறதா என்று பார்க்காமல் குரலைக் கொண்டாட முடியாது. வாக்குமூலம் என்ற சொல்லையே போலீஸ் ஸ்டேஷனிலிருந்துதான் எடுத்து வந்தோம் என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

விசாரணையில் அந்தப் பெண் பிறழ் சாட்சியானார். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் அந்தப் பெண்ணை வரவழைத்து, கோயில் வீடியோவைப் போட்டுக் காட்டி, இது நீங்கள்தானே என்று கேட்டார்கள். நானில்லை என்றார். நீதிபதிகள் கோயிலுக்கே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 2023 ஜூன் 2 ஆம் தேதி யுவராஜின் தண்டனை உறுதியானது. அந்தப் பெண்ணைத் திட்டுவது சுலபம். நான் திட்டமாட்டேன். தன்னுடைய முகத்தையே தன்னுடையதில்லை என்று சொல்ல வைக்கிற பயம் எப்பேர்ப்பட்ட பயம் என்பதைத்தான் அங்கே பார்க்க வேண்டும். காமிராவுக்கு அப்பா அம்மா இல்லை, சொந்தம் பந்தம் இல்லை, நாளைக்கு அதே ஊரில் போய் அது குடியிருக்க வேண்டியதில்லை. அதனால் அதை மிரட்ட முடியவில்லை.

அப்படியென்றால் மனிதரைவிடக் காமிரா நல்ல சாட்சி என்று சொல்லிவிடலாமா? அவசரப்படக் கூடாது. மிரட்ட முடியாது, ஆனால் அழிக்க முடியும். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் தந்தையும் மகனும் அடிபட்டுச் செத்தார்கள். அவர்கள் தலித்துகள் இல்லை. ஆனால் அந்த அறை நமக்கு நன்றாகத் தெரிந்த அறை. ஸ்டேஷனில் காமிரா இருந்தது. விசாரிக்கப் போன நீதித்துறை நடுவர் என்ன கண்டார்? பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் இடம் இருந்தது. அப்படியும் அன்றாடம் பதிவு தானாக அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி நடந்தது பதிவில் இல்லை. அங்கே சாட்சி சொன்னது ஒரு மனுஷி. பணியில் இருந்த பெண் தலைமைக் காவலர் பயத்தோடு, ஆனாலும் சொன்னார். திருச்செங்கோட்டில் மனிதர் பேச முடியாமல் போனபோது காமிரா பேசியது. சாத்தான்குளத்தில் காமிராவின் வாயை அடைத்தபோது மனிதர் பேசினார். இரண்டில் எது பெரிது என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியதில்லை. இரண்டையும் பாதுகாக்க ஆள் வேண்டும் என்பதுதான் பாடம்.

இனி வெட்டி ஒட்டுகிற விஷயத்துக்கு வருகிறேன். எண்பதுகளின் கடைசியில் வி.எச்.எஸ். காமிராவைத் தோளில் வைத்துக் கல்யாண வீடியோ எடுத்தவன் நான். காமிரா தோளில் இருக்கிறவரைக்கும் மணவறை வரைக்கும் போகலாம், சாமி ரூம் வரைக்கும் போகலாம், யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். காமிராவை இறக்கி வைத்த பிறகுதான் 'தம்பி எந்த ஊரு, எந்தத் தெரு' என்று ஆரம்பிக்கும். எந்தப் பந்தியில் உட்கார வைப்பது என்ற கவலை அவர்களுக்கு. அப்புறம் மிக்ஸிங். சீர் பத்தவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் போட்ட சண்டை டேப்பில் அப்படியே இருக்கும். அதை எடுத்துடுங்க என்பார்கள். எடுத்துவிட்டு அந்த இடத்தில் ரெண்டு ரோஜாப்பூவைப் பறக்கவிடுவோம். நடந்தது எது, கேசட்டில் இருப்பது எது என்ற வித்தியாசத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது எந்தக் கோட்பாட்டுப் புத்தகமும் இல்லை, அந்த ரோஜாப்பூதான்.

அரசாங்கமும் மிக்ஸிங் செய்யும். 1999 ஜூலை 23, திருநெல்வேலி. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் போனவர்கள் மேல் போலீஸ் தடியடி. தாமிரபரணியில் பதினேழு பேர் செத்தார்கள், ஒரு கைக்குழந்தை உட்பட. விசாரணைக் கமிஷன் பெரும்பாலோர் தண்ணீரில் மூழ்கிச் செத்தார்கள் என்றது. மூழ்கித்தான் செத்தார்கள், அது பொய்யில்லை. கதையை ஆற்றுக்குள் ஆரம்பித்தால் அது விபத்து. கரையில் ஆரம்பித்தால் கொலை. அன்றைக்கு அங்கே வீடியோக் காமிராக்கள் இருந்தன. தடியால் அடித்து விரட்டுவதும், ஆற்றில் இறங்கியவர்கள் மேல் கல் விழுவதும் பதிவாயின. ஆர்.ஆர். சீனிவாசன் 'நதியின் மரணம்' என்று ஆவணப்படம் செய்தார். அந்தப் படத்தின் அரசியல் அது எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்பதில் இருக்கிறது. கார்க்கரன் சிறையில் ஃபரோக்கி கதவைத் தேடினார். இங்கே கரையைக் காட்ட வேண்டியிருந்தது. காமிரா எப்போதும் நடுவில் ஒரு துண்டைத்தான் காட்டும். அதற்கு முன்னால் இருந்ததையும் பின்னால் நடந்ததையும் கொண்டுவந்து சேர்ப்பவர்தான் படம் செய்கிறவர்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இன்று நாமே செய்கிற வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கேயோ ஒரு வன்கொடுமை நடக்கிறது. யாரோ எடுத்த பதிவு வருகிறது. நம்ம பையன்கள் அதை நாற்பது விநாடியாக வெட்டுகிறார்கள். அடி விழுகிற இடத்தை மெதுவாக ஓட்டுகிறார்கள். சிவப்பு வட்டம் போடுகிறார்கள். அழுகிற புல்லாங்குழல் சேர்க்கிறார்கள். மூலையில் தலைவர் படம். தேதி இல்லை, ஊர் இல்லை, அடிபட்டவர் பெயர் இல்லை, அதற்கு முந்தின நாள் என்ன தகராறு என்பதும் இல்லை. கோபத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இது ரோஜாப்பூவுக்குப் பதில் சிவப்பு வட்டம், அவ்வளவுதான்.

2016 ஜூலையில் குஜராத்தில் ஊனா பக்கம் செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் காரில் கட்டிவைத்து அடித்தார்கள். அதை வீடியோ எடுத்துப் பரப்பியது வேறு யாரும் இல்லை, அடித்தவர்களேதான். எப்படித் துணிந்தார்கள்? பார்க்கப்போகிறவனெல்லாம் நம்ம ஆளு, பார்க்கிற மற்றவன் பயப்படுவான் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை உடைத்தது அந்த வீடியோவைத் திரும்பத் திரும்ப அனுப்பியது மட்டுமில்லை. செத்த மாடுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள் பாருங்கள், அதுதான். அவர்கள் எடுத்த படத்துக்கு எதிராக நம்மாட்கள் செய்த படம் அது. அடித்தவன் பெருமைக்காக எடுத்த காட்சியை ஒரு மாற்றமும் இல்லாமல் நாமும் அனுப்பிக்கொண்டே இருந்தால் அவன் வேலையை நாம் சம்பளமில்லாமல் செய்கிறோம். அடிபட்டவரின் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டோமா? அந்தப் பிள்ளைக்கு நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் யாராவது அந்த வீடியோவைக் காட்டமாட்டார்களா?

மார்டினெஸ் புள்ளியாகவே கிடந்தார் என்று சொன்னேன். நம் படம் அங்கேதான் வேறுபட வேண்டும். அடி விழும் காட்சி பத்து விநாடி போதும். மீதி நேரம் அவர் பேசட்டும், அவர் இல்லையென்றால் அவருடைய அம்மா பேசட்டும். என்ன படிச்சான், என்ன சாப்பிடுவான், எந்தப் பாதையில் போகக் கூடாதுன்னு ஊரில் சொன்னாங்க, எப்போ சொன்னாங்க. கண்காணிப்புக் காமிராவால் இதை எடுக்கவே முடியாது. நாம் எடுக்கலாம்.

இன்னொரு பக்கம் வெறும் குமாஸ்தா வேலை. அதில் அழகியல் ஒன்றும் இல்லை, ஆனால் அதில்தான் வழக்கு ஜெயிக்கும் அல்லது தோற்கும். கடைக் காமிராவின் பதிவு பதினைந்து நாளிலோ ஒரு மாதத்திலோ தன்மேல் தானே எழுதி அழிந்துவிடும். சம்பவம் நடந்த அன்றைக்கே பதிவைப் பாதுகாக்கச் சொல்லி எழுத்தில் கொடுக்க வேண்டும், ஒப்புகை வாங்க வேண்டும். போனில் எடுத்த அசல் கோப்பு அசலாகவே இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலில் எப்போது, எந்தப் போனில் எடுத்தது என்ற விவரமெல்லாம் கழன்று போயிருக்கும். நீதிமன்றம் சான்றிதழ் கேட்கும். முன்னே அது சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 63 ஆவது பிரிவு. போன் மாற்றும்போது பழைய போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டால் சாட்சியும் அதோடு போய்விடும்.

சட்டம் நமக்குக் கொடுத்ததையும் நாம் கேட்டு வாங்குவதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015 இல் கொண்டுவந்து 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் 15அ பிரிவு இருக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்கள் சம்பந்தப்பட்ட எல்லா நடவடிக்கைகளையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று அதன் பத்தாவது உட்பிரிவு சொல்கிறது. 2020 டிசம்பர் 2 ஆம் தேதி உச்ச நீதிமன்றம் எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியோடு கூடிய, இருட்டிலும் பதிவு செய்கிற காமிராக்கள் வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம், முடியாவிட்டால் ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. நம்மைப் பார்க்கவென்று மாட்டிய காமிராக்களுக்கு நடுவில், அவர்களைப் பார்க்க நமக்கு உரிமை கொடுத்த இடங்கள் இவை. எத்தனை வழக்கில் நம் வக்கீல்கள் 15அவை எடுத்துக்காட்டி மனுப் போட்டிருக்கிறார்கள்? எத்தனை தோழர்கள் ஸ்டேஷன் பதிவைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள்?

மாவட்டத்துக்கு ஒரு பீரோ, ரெண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு தடி நோட்டு. நோட்டில் தேதி, இடம், எடுத்தவர், அசல் யாரிடம் இருக்கிறது, வீட்டார் சம்மதம் உண்டா இல்லையா. இதைச் செய்ய ஃபரோக்கியைப் படிக்க வேண்டியதில்லை, பத்தாம் வகுப்புப் படித்த ஒரு தங்கச்சி போதும், அந்தப் பிள்ளைக்கு மாசாமாசம் ஒரு சம்பளமும் வேண்டும். அந்தச் சம்பளத்துக்கு வழி என்ன என்பதை இந்தப் பத்திரிகையைப் படிக்கிற நண்பர்கள் யாராவது எழுதினால் நல்லது.